மைக் வேண்டாதவர்

நம் ஊரில் மைக் வேண்டாதவர் என்றோர் இனம் உண்டு. மயிலாப்பூர் சபா, தி. நகர் மண்டபம், அடையாறு குடியிருப்போர் சங்கம் என்று எங்கே நாலு நாற்காலி போட்டாலும் அங்கே ஒருவர் இருப்பார். மேடையேறியதும், பிடிக்காத கறியை இலையோரம் ஒதுக்குவதுபோல மைக்கை ஒதுக்குவார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பின்னாடி எல்லாருக்கும் கேக்கறதோன்னோ?" என்பார். "கேக்குது!" என்று பின்வரிசை கத்தும். தீர்ந்தது. காதில் விழாதவருக்கு அந்தக் கேள்வியும் விழுந்திருக்காது என்று யாருக்காவது தோன்றுமா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சிறிய கூடம். அதன் செயலாளர் பரத்வாஜ் இந்த இனத்தின் அசல் மாதிரி. காது மெஷின் வைத்திருப்பவர்களுக்காக அந்தக் கூடத்தின் தரையைச் சுற்றிக் கம்பி பதிக்க, வீடு வீடாக நன்கொடைக்கு அலைந்து, சிலரிடம் திட்டும் வாங்கி, பதித்தே காட்டியவர் அவர்தான். மைக்கில் பேசுவது அந்தக் கம்பி வழியாக நேரே மெஷினுக்குப் போய்விடும். மின்விசிறி இரைச்சலோ பக்கத்து நாற்காலி இருமலோ குறுக்கே வராது.

மைக்கில் பேசினால்.

போன மாதம் அங்கே சிம்ராவின் முதல் புத்தகம் வெளியானது. அடையாறு முகத்துவாரப் பறவைகளைப் பற்றியது. அவள் அப்பா ஷாஹுல் ஹமீது ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். மகள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றே, கம்பிக்கு ஏற்றபடி மெஷினை மாற்றிக்கொண்டு, முன்வரிசையில் என் பக்கத்தில் காத்திருந்தார்.

பரத்வாஜ் எழுந்தார். மைக்கை ஒதுக்கினார், அணைத்தும் விட்டார்.

"காது மந்தமானவா இனிமே கவலையே பட வேண்டாம்! இந்த ஹால்ல அவாளுக்குன்னே கம்பி போட்டிருக்கோம்!"

கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஷாஹுல் ஹமீது சுற்றிப் பார்த்துவிட்டுத் தாமும் தட்டினார்.

"இன்னாத்துக்கு நைனா தட்டுறோம்?" என்றார் என்னிடம்.

"உங்களுக்கு நல்லாக் கேக்கும்னு சொல்றார்!" என்று அவர் காதருகே கத்தினேன்.

அடுத்தது சிம்ரா. மைக்கை நோக்கிக் கை நீட்டினாள்.

"அது எதுக்கும்மா? நாமெல்லாம் ஒரே குடும்பம், சும்மா பேசு!" என்றார் பரத்வாஜ்.

"கேக்குது, கேக்குது!" என்றது பின்வரிசை, அவள் வாயைத் திறக்கும் முன்பே.

ஷாஹுல் ஹமீது எழுந்து நின்றார்.

"சார், உங்க குரலு பிரமாதமா கீது. வார்த்தைதான் ஒண்ணுகூட வந்து சேரல. எம்பொண்ணு பேசுறதுக்காச்சும் அந்த மைக்கைப் போட்டுருங்க."

சிம்ராவே மைக்கைப் போட்டாள். வீட்டில் பேசுகிற குரலில், "அத்தா, கேக்குதா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார், அவள் பேச்சில் நாரைகள், உள்ளான்கள் எல்லாம் வந்து போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பரத்வாஜ் திருந்தினாரா? ஏன் கேட்கிறீர்கள்! நன்றியுரையில், "மைக்கோட அருமை இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது!" என்று உருகினார். மைக் இல்லாமல்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அன்று பின்வரிசையில் முதலில் "கேக்குது!" என்றவர் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. கூட்டங்களில் நீங்கள் வழக்கமாக எங்கே உட்காருவீர்கள்?