தீராத சிலிண்டர்

கரண்ட் அடுப்பு என் வீட்டு வாசற்படியை மிதித்தால் அன்றைக்கே மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சிலிண்டர்காரர் தெருவில் நின்று சபதம் போட்டார். சும்மா மீசை இல்லை அது. அவர் வெளியே கிளம்பினால் மீசை முதலில் போய், பின்னால் ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டு நிற்கும்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. பூமி சூடாகிறதாம். இனிமேல் தெருத் தெருவாக கேஸை நிறுத்தி, மொட்டை மாடியில் சூரியத் தகடு பதித்து, கரண்டில்தான் சமைக்க வேண்டுமாம். கூட்டம் போட்டு, பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் அந்தத் தெருவுக்கு சிலிண்டர் கிடையாது. இந்தத் தெரு கை தூக்கினால் உனக்கு வேலை இல்லை என்று சிலிண்டர் கிடங்கு முதலாளி சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்கு அதிகாரிகள் மேல் கோபம். கை தூக்கப் போகிறவர்கள் மேல் கோபம். கடைசியில் சூரியன் மேலேயே கோபம். காலையில் மேற்குப் பக்கம் திரும்பி நின்றுதான் பல் தேய்த்தார்.

"இத்தனை வருஷமா தோள்ல சுமந்து ஊரு அடுப்பையெல்லாம் எரிய வச்சவன் நான். நேத்து வந்த தகடு என்னை வீட்டுக்கு அனுப்புமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அனுப்பாதுங்க," என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டத்தைக் கலைக்க அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. சிலிண்டரை லேசாகத் தூக்கினாலே உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுகிற கை அவருடையது. சொந்த வீட்டு அடுப்படிக்குள் அவர் போவதே ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிப் பார்க்கத்தான். மற்றபடி தட்டு அவரிடம் வரும், அவர் தட்டைத் தேடிப் போனதில்லை. மழைக்கு முன்னால் மாட்டிய சிலிண்டர், மழை முடிந்து வெயில் வந்தும் கனம் குறையவில்லை. முழுசாக நின்றது.

இது எப்படி என்று மனைவியைக் கேட்டிருந்தார்.

"எல்லாம் உங்க கைராசிதாங்க. மாட்டினது நீங்கல்ல?"

அதற்கு மேல் ஓர் ஆண்பிள்ளைக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அடுத்த வீட்டுத் தையல்காரர் மட்டும், உங்க மொட்டை மாடிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்களேன் அண்ணே என்று இழுத்தார். அவர் வீட்டுக்குத்தான் சிலிண்டர்காரரின் மனைவி மதியம் மதியம் தையல் பழகப் போகிறேன் என்று கிளம்புவாள். ஊர் மாடியெல்லாம் ஏறி இறங்குகிறவன் சொந்த மாடி வேறு ஏற வேண்டுமா என்று சிலிண்டர்காரர் அவரோடு பேச்சை நிறுத்தினார். தையல்காரரோடு பேச்சை நிறுத்துவது அவருக்குப் பழக்கம்தான்.

கூட்டத்தன்று அதிகாரியம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டர்காரர் தன் வீட்டு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு நடுவில் வந்து நின்றார். இறக்கவில்லை. தோளில் இருந்தால்தான் கம்பீரம்.

"மழைக்கு முன்னாடி மாட்டினது. இன்னும் துளி குறையல. இந்தச் சிக்கனம் உங்க தகட்டுக்கு வருமா?"

மேலே போகத் தயாராக இருந்த கைகள் மடிக்கு இறங்கின. அதிகாரியம்மாவே குழம்பிப் போய், வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்டார்.

"என் சம்சாரம். அவளையே கேளுங்க. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

மனைவி எழுந்தாள்.

"அவர் சொல்றது நெசந்தாங்க. துளி குறையல."

சிலிண்டர்காரர் மீசையைத் தடவினார்.

"பத்த வச்சாத்தானே குறையும்? நான் மதியம் தையல்னு போனது தகடு பதிக்கிற பயிற்சிக்கு. பயிற்சிக்கு வந்தவங்க வீட்டு மாடியிலதான் முதல்ல தகடு போட்டாங்க. அதுலேருந்து கரண்ட் அடுப்புதான், ஞாயித்துக்கிழமை மட்டும் அதை முறத்தால மூடி வச்சிருவேன். அந்தச் சாப்பாட்டைத்தான், நெருப்புல வெந்த ருசியே தனின்னு இவரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த கைகளெல்லாம் அப்படியே நேராக மேலே போயின. தையல்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

சிலிண்டர்காரருக்கு சிலிண்டரை இறக்கவும் தோன்றவில்லை. வேலை போயிற்று. மீசையும் போக வேண்டும். அதிகாரியம்மா சமாதானமாகச் சொன்னார்: தகடுகள் நல்ல கனம், மாடிக்குச் சுமக்கப் பழகின தோள் வேண்டும், கிடங்கு ஆட்களுக்குத்தான் முதல் இடம், இந்தத் தெரு மேஸ்திரி சரி என்றால் நாளைக்கே வேலை.

சிலிண்டர்காரருக்கு ரோஷம் திரும்ப வந்தது. கண்டவன் முன்னாலும் கை கட்டி நிற்கிற ஆள் நான் இல்லை, யார் அந்த மேஸ்திரி, வரச் சொல்லுங்கள், நேருக்கு நேர் பேசிக்கொள்கிறேன் என்றார்.

அதிகாரியம்மா கை காட்டிய பக்கம் திரும்பினார். மனைவி தையல் பைக்குள்ளிருந்து மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க சபதம் போடும்போதே அடுப்பு வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு, அதனால மீசை இருக்கட்டும். சிலிண்டரை இறக்கி வச்சுட்டு வரிசையில நில்லுங்க."