நைனாவுக்குக் காட்டிய சிவப்புத் துப்பட்டா

அன்று காலை நடந்தவை:

1. நைனாவை ரயில் ஏற்றிவிட்டேன்.
2. டாட்டா காட்டினேன்.
3. ரயில் நின்றுவிட்டது.
4. நைனா இறங்கிவிட்டார்.

(நான்காவதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.)

அப்போது நான் ரயில்வே சிக்னல் பிரிவில் பயிற்சி ஜூனியர் இன்ஜினியர். ரேணிகுண்டாவுக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். வேலை நிரந்தரமாக இன்னும் பதினொரு நாள்தான். அதுவரை என் பெயரில் ஒரு புகார்கூட வரக் கூடாது.

நகரியில் பவர்லூம் ஓட்டும் நைனா, மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தார். தன் தறியில் நெய்த சிவப்புத் துப்பட்டாவைக் கொடுத்துவிட்டு பாசஞ்சரில் திரும்பினார். அவருக்குத் தூரப் பார்வை மட்டு, கண்ணாடி போடமாட்டார். வெறுங்கையை ஆட்டினால் தெரியாதே என்று, துப்பட்டாவைத் தலைக்கு மேல் வீசி வீசி ஆட்டினேன். நைனா பார்த்தாரோ இல்லையோ, கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு பார்த்துவிட்டார்.

ஓடும் ரயிலை நோக்கி யார் சிவப்புத் துணியை ஆட்டினாலும் அது ஆபத்துக் குறி. வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். (பயிற்சித் தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.)

கார்டு குதித்திறங்கி, குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் நைனா ஓடி வந்தார்.

"இன்னாம்மா, எதுனா மறந்துட்டு வந்துட்டனா?"

"ஐயோ நைனா, போய் ஏறு!"

"நீதானே துணிய ஆட்டிக்கினு கூப்ட்ட? உடனே நிறுத்திட்டாங்க பாரு. நல்ல மனுசங்க."

கார்டு மூச்சு வாங்கக் கேட்டார்: "எந்தச் சக்கரம்மா? புகை வருதா?"

"டாட்டா சார்," என்றேன்.

அவர் நைனாவைப் பார்த்தார், துப்பட்டாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டிக்கு நடந்தார்.

வண்டி ஒன்பது நிமிடம் தாமதம். தெலுங்குக்காரரான ஸ்டேஷன் மாஸ்டர், விளக்கம் எழுதச் சொல்லி என் முன்னால் வெள்ளைத்தாளை வைத்தார்.

"ஏமம்மா, ரூல் புக்கு படிச்சியா லேதா?"

"படிச்சேன் சார். முழு மார்க்."

"அத மட்டும் எழுதாத தல்லி. இன்னும் மோசமாயிடும்."

மறுபடி ஏறாமல் நின்றுவிட்ட நைனா கை கூப்பினார். "சார், துணி என்னுது, தப்பும் என்னுது. நானே எழுதிக் குடுக்கறேன்."

"பெத்தாயனா, மீரு கூர்ச்சோண்டி," என்று அவருக்கு நாற்காலியைக் காட்டினார். என்னைப் பார்த்து, "நீ எழுது," என்றார்.

எழுதினேன். வரிசை எண் போட்டு, ஆறு வரி.

வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. இப்போதும் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அம்மா என்னிடம், "கையக் கட்டிக்கினு நில்லுடி, அவங்க போவட்டும்," என்கிறாள்.

போன மாதம் நிரந்தர ஆர்டர் வந்தது. அதே ஸ்டேஷன், அதே பிரிவு. நைனா என்னைப் பார்க்க பஸ்ஸில் வருகிறார்.