ஆறாத பொனட்

பொனட் சுட்டது.

கந்தப்பன் கையை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மார்கழிக் குளிரில் மடுல்சீமை முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. இப்றாஹீம் நானா வீட்டு வாசலில் நிற்கிற பழைய டீசல் ஜீப் மட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கிறது.

"நானா, வண்டிய முன்னாடியே சூடாக்கி வச்சிட்டீங்களே, இது நல்லாவா இருக்கு?"

இப்றாஹீம் நானா தொப்பியைச் சரிசெய்தார். வானத்தைப் பார்த்தார். "வயசான வண்டி கந்தப்பன், கொஞ்சம் சூடாத்தான் ஈக்கும்" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கந்தப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய டீசல் வண்டி வாங்கும் சாஸ்திரத்தில் முதல் பாடமே இதுதான். சொல்லிக்கொடுத்தவன் அவருடைய மச்சினன் கணபதி. தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் லொறி ஓட்டுகிறவன். "மச்சான், எஞ்சின் குளுந்து கெடக்கையில பாக்கணும். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்தான். வண்டிக்காரன் முந்தியே சூடாக்கி வச்சிருந்தான்னா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தான். முதல் புகையின் நிறத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தான். கறுப்பென்றால் டீசல் வீணாகிறது, நீலமென்றால் ஒயிலைக் குடிக்கிறது, வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். இந்த மூன்று நிறத்தையும் கந்தப்பன் கந்தசஷ்டி கவசத்தைவிட நன்றாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஆனால் பார்க்க விட்டால்தானே.

ஒரு ஜீப் வாங்க மனுஷனுக்கு இவ்வளவு பாடா என்று கேட்டால், கந்தப்பனுக்குப் பாடுதான். ஏனென்றால் அவர் ஒருமுறை ஏமாந்தவர்.

கதை பழையது. தோட்டத்தின் மேல் டிவிசன்களுக்கு பஸ் கிடையாது, தன் கடையிலிருந்து அரிசி, மாவு கொண்டுபோக வண்டி வேண்டும் என்று ஒரு லொறி வாங்கினார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. அதை மட்டும்தான் அவர் பார்த்தார். வாங்கிய ஜோரில், அம்மன் இந்த வருஷம் என் லொறியில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று கோயிலில் சண்டை பிடித்து வாங்கினார். அம்மன் ஏறினாள். முதல் ஏற்றத்திலேயே லொறி படுத்தது. அன்றைக்கு மூன்று டிவிசன் சனமும், மேளக்காரனும், காவடி எடுத்தவனும், கடைசியில் ஐயரும் சேர்ந்து அம்மனைத் தள்ளிக்கொண்டே கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அன்றிலிருந்து அவர் தள்ளு கந்தப்பன். கடை வாசலில் ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ் என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது. படிப்பாரில்லை. மகள் மதுஷாவைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து வந்தவர்கள்கூட சந்தியில் இறங்கி "தள்ளுக்கடை எங்கிட்டு?" என்றுதான் கேட்டார்கள். கந்தப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இன்னொரு வண்டி வாங்கி அதுவும் நின்றுபோனால் இந்தப் பெயர் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும். அதனால்தான் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ மார்கழியில் இந்த ஜீப்பை அவர் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஜீப் உண்மையில் இப்றாஹீம் நானாவுடையதுகூட இல்லை. அவர் மனைவி ஸுபைரா டீச்சருடையது. மேல் டிவிசன் பள்ளிக்கூடத்துக்கு வருஷக்கணக்காக அவரே ஓட்டிக்கொண்டு போனார். இப்போது பசறை டவுனுக்கே மாற்றம் கிடைத்துவிட்டது, ஜீப் தேவையில்லை. பொம்பளை ஓட்டின வண்டி, கிளச் போயிருக்கும் என்று கந்தப்பன் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இந்தத் தீர்ப்பை வீட்டிலும் சொன்னார். அவர் மனைவி மாரியாயி முப்பது வருஷம் கொழுந்து பறித்து அந்த வருஷம்தான் ஓய்வெடுத்தவள். சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருந்தது. "வாங்குறதுக்கு முன்னாடி எனக்கும் ஒருக்கா காட்டுங்க" என்று கேட்டாள்.

"வண்டியப் பத்தி ஒனக்கு என்ன புள்ள தெரியும்? ஒன் காசு ஒன்கிட்டயே இருக்கட்டும். இது ஆம்பள சமாச்சாரம்."

மாரியாயி "சரிங்க" என்றாள். மாரியாயி சரிங்க என்றால் அதோடு பேச்சு முடிந்தது என்று நம்புகிற ஒரே மனுஷன் இந்த ஊவா மாகாணத்தில் கந்தப்பன்தான்.

மறுநாளிலிருந்து அவள் விடியுமுன் எழுந்து மார்கழி பஜனைக்குக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். கோயில் நானா வீட்டைத் தாண்டி மேலே. இத்தனை வருஷம் விடியக்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடியே காலம் போய்விட்டது, இனியாவது சாமி கும்பிடுகிறேன் என்றாள். கந்தப்பனுக்கும் சந்தோஷம். தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வருமே. ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. முப்பது வருஷம் வெறுங்காலோடு அட்டைக்கடியில் மலை ஏறினவள், கோயிலுக்குப் போக கென்வஸ் சப்பாத்து வேண்டும் என்று கடையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக்கொண்டாள். வயசாகிறது, பாவம் என்று விட்டுவிட்டார்.

பொனட்டின் சூடு ஆறவில்லை என்றாலும் மற்றதையெல்லாம் கந்தப்பன் விடவில்லை. கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் தகரத்தைக் குத்தினார். குத்தினது குத்தினபடியே உள்ளே போய் ரோட்டைத் தொட்டது. துணியைச் சுற்றிப் பிடித்து ரேடியேட்டர் மூடியை மெல்லத் திறந்தார். தண்ணீரின்மேல் ரசத்தில் மிதக்கிற மாதிரி ஒயில். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கியர்த்தடியைப் பிடித்து ஆட்டினார். அது பாட்டுக்கு ஆடியது, சக்கரத்துக்குத் தகவல் போகவில்லை.

அன்றைக்கு வீட்டில் பொங்கலைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் மாரியாயிக்கு அளந்தார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவள் அவர் பேச்சை அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தகரம் இடது பக்கமா வலது பக்கமா, ஒயில் நிறைய மிதந்ததா கொஞ்சமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த தடவை போனால் கால்மிதிக்குக் கீழே புதுத் தகரம், வெல்டிங் வாசம்கூடப் போகவில்லை. அதற்கடுத்த தடவை ரேடியேட்டர் தண்ணீர் தீர்த்தம் மாதிரி தெளிவாக இருந்தது. எஞ்சினைப் பிரித்து உள்ளே கெஸ்கட் மாற்றியிருக்கிறார்கள். பிறகு கியர்த்தடியும் ஒழுங்காக வேலை செய்தது.

"பாத்தியா கள்ளத்தனத்த! நான் ஒண்ணு கண்டுபிடிச்சா ஒண்ண மறைக்கிறாரு" என்று கணபதியிடம் குமுறினார்.

"செஞ்சு குடுத்தா நல்லதுதானே மச்சான்?"

"நான் குத்தம் சொன்னது வெலையக் கொறைக்கிறதுக்குடா. செஞ்சு வச்சிட்டா எதைச் சொல்லிக் கொறைக்கிறது?"

கணபதி யோசித்துவிட்டு, அப்படியென்றால் குளிர்ந்த எஞ்சினில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது, அதை எப்படியாவது பிடி என்றான். வீட்டில் இதைச் சொன்னபோது மாரியாயி, "ரெண்டாவது கியர் ஏத்தத்துல கொஞ்சம் மொரண்டு பிடிக்குதே, அதையும் பாருங்க" என்றாள்.

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க."

சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு பேசினால் எதைச் சொன்னோம் எதைச் சொல்லவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்.

அப்புறம் தொடங்கியது வேட்டை. முதலில், இன்னும் இருட்டோடேயே போய்ப் பார்த்தார். பனியில் வழி தெரியாமல் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்து, முழங்கால் சிராய்த்து, நொண்டிக்கொண்டே போய்ப் பொனட்டைத் தொட்டால் சூடு. விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம்.

சரி, வண்டியை ஸ்டார்ட் பண்ணவே முடியாமல் செய்தால்? மறுநாள் பொழுது சாய, நானா மஃரிப் தொழப் போன நேரம் பார்த்து, பேட்டரி வயரைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் போனால், வாசலில் நின்ற ஜீப் கீழே பள்ளத்தில் ரோட்டோரமாக நிற்கிறது. இறக்கத்தில் தள்ளி, ஓட விட்டு, கியரைப் போட்டு ஸ்டார்ட் எடுத்திருக்கிறார்கள். போகிற வழியில் கேட் தூணில் இடித்து சைட் கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. பொனட் வழக்கம்போலத்தான்.

கந்தப்பனுக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணாடி போய்விட்டது, அதற்கு ஒரு தொகையைக் குறைக்கலாம். அன்றைக்கு மாரியாயி வீட்டுக்கு வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோயிலில் விழுந்து விழுந்து கும்பிட்டேன் என்றாள். கந்தப்பன் சித்தாலேப தைலத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக அவர் மூளையில் உதித்ததுதான் சங்கிலி. கடையில் மாடு கட்ட விற்கிற சங்கிலியில் கனமானதாக ஒன்றை எடுத்தார். மறுபடி மஃரிப் நேரம். ஜீப்பின் பின் பம்பரையும் பக்கத்துப் பாலத்தின் இரும்புத் தூணையும் சேர்த்துக் கட்டிப் பூட்டுப் போட்டார். சங்கிலியைப் புல்லுக்குள் மறைத்தும் விட்டார். இனி எவனும் இதை நகர்த்த முடியாது, காலையில் ஐஸ்கட்டி மாதிரி எஞ்சின், முதல் புகை எனக்குத்தான் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்து போனபோது தூணில் சங்கிலி இருந்தது. சங்கிலியில் பம்பர் இருந்தது. ஜீப் இல்லை. அது நூறு கெஜம் தள்ளி, பின்பக்கம் மூளியாக, தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பொனட்டைத் தொட்டார். சொல்லவே வேண்டாம்.

ஜீப்புக்குப் பக்கத்தில் இப்றாஹீம் நானா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஸுபைரா டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி டயருக்கடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

கந்தப்பன் இடுப்பில் கை வைத்தார். இந்தக் கணத்துக்காகத்தான் அவர் மார்கழி முழுக்கக் குளிரில் அலைந்தது.

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு நானா. விடியமுந்தி வண்டிய ஓட்டி ஓட்டிச் சூடாக்கினது நீங்கதானே?"

"அல்லாஹ் மேல ஆணை, நான் ஸ்டியரிங்கையே தொடல்ல."

"அப்ப டீச்சரா?"

டீச்சர் நிமிர்ந்தார். "நானும் இல்ல. நான் பக்கத்து சீட்டுல இருந்து சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான். நல்லா ஓட்டுறாங்க. மலையேத்தத்துல ரெண்டாவது கியரு மட்டும் இன்னும் சரியா விழுதில்ல."

"யாரு ஓட்டுறாங்க?"

டீச்சர் ஜீப்புக்குள் கையை விட்டு ஒரு தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினார். ஓட்டினவர் அவசரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். கந்தப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் நசுங்கல். அது அவர் வீட்டுச் சட்டி. உள்ளே பொங்கல் இன்னும் சூடாக இருந்தது.

கென்வஸ் சப்பாத்து, ரெண்டாவது கியர், இடுப்பு வலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் மண்டைக்குள் ஏறியது. பொம்பளைக்கு ஓட்டிப் பழகுகிற ஆசை வந்திருக்கிறது, அதற்கு இவர்களும் உடந்தை. இருக்கட்டும், அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம். வியாபாரி புத்தி சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி டீச்சர், யாரு ஓட்டினாலும் ஒடைஞ்சது ஒங்க வண்டி. கண்ணாடி இல்ல, பம்பர் இல்ல. இப்பவாவது வெலையக் கொறைங்க, இன்னைக்கே முடிச்சிக்குவோம்."

இப்றாஹீம் நானா மறுபடியும் வானத்தைப் பார்த்தார். ஸுபைரா டீச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"நாங்க எப்படிங்க கொறைக்கிறது? நீங்க சொன்ன குத்தத்தையெல்லாம் ஒவ்வொண்ணா வந்து சொல்லி, எங்க செலவுலயே செய்ய வச்சி, போன வெள்ளிக்கிழமையே ஒங்க வீட்டம்மா சேமலாப நிதிக் காசக் குடுத்து ஜீப்ப அவங்க பேருக்கு எழுதி எடுத்துட்டாங்க. பம்பரக் கழட்டின சங்கிலி ஒங்க கடைச் சங்கிலிதான்னும் இப்ப பாத்துட்டுத்தான் போறாங்க, நீங்க சீக்கிரமா வீட்டுக்குப் போங்க."