போரானுக்கு நான் கொடுத்த ஓய்வு

ஜோகுபாளையம், பெங்களூரு
விஜயதசமி கழிந்து நான்காம் நாள்

அன்புத் தங்கை வேதநாயகிக்கு அண்ணன் அப்பாதுரை எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. வேலூரில் நீங்களாவது நலமாக இருங்கள்.

கிருத்திகா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. நீ போன் செய்து, அப்பாவை மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தை சொன்னால்தான் கேட்பாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஏழு மாதமாக அவள் ஒரு சேர்மம் செய்துகொண்டிருந்தாள். ஒரு போரான் அணு, இரண்டு கார்பன் அணுக்கள், மூன்றும் சேர்ந்த முக்கோண வளையம். போரானுக்கு நூற்றிருபது பாகை விரித்து உட்கார்ந்தால்தான் சுகம். இதில் அறுபதில் மடக்கி வைத்திருக்கிறார்கள். சிவாஜிநகர் பஸ்ஸில் இருவர் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தால், ஸ்டாப் வந்ததும் ஒருவர் துள்ளி எழுவார் அல்லவா, அதுபோலக் கொஞ்சம் காற்றோ ஈரமோ பட்டால் வளையம் பிய்த்துக்கொள்ளுமாம். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியிலேயே பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டு வேலை செய்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்துப் போனாள். அங்கே உதவியாளர் கோவிந்தப்பா, வாத்தியாரான என்னைக் கன்னடத்தில் விளித்து, "மேஷ்ட்ரே, நீங்க பெரியவங்க, பொட்டு நீங்களே வெச்சிடுங்க. இன்னிக்கு மிஷினுக்கெல்லாம் ரஜா, லீவு" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டிவிட்டு, பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார். எல்லோரும் அவர் பின்னால் போய்விட்டார்கள். அந்தக் கையுறைகள் இரண்டும் உள்ளிருக்கும் வாயு தள்ளியதில் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. விரல் விரலாகப் பொட்டு வைத்தேன். பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. ஊரில் ஆட்டோவுக்கும் சுத்தியலுக்கும்கூட ஓய்வு, இதற்கு மட்டும் இல்லையா என்று மனம் கேட்கவில்லை, சுவிட்சை அணைத்தேன். சற்று நேரத்தில் கைகள் தளர்ந்து தொங்கின. பாவம், தூங்குகிறது என்று மகிழ்ந்தேன், வேதா!

விடுமுறை முடிந்து போனவள் முகம் வெளிறித் திரும்பி வந்தாள்.

"அப்பா, சுவிட்ச் ஆஃப் பண்ணது நீயா?"

"ஒரு நாள் ரெஸ்ட் குடுத்தேம்மா."

"அது ரெஸ்ட் எடுத்தா என் வளையம் செத்துடும்ப்பா!"

அறைக்குள் போனவள்தான். அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். சேர்மம் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடமாம். முப்பத்தொரு வருடம் ஊரார் பிள்ளைகளின் தேர்வுக்குக் காவல் நின்றவன், சொந்தப் பிள்ளையின் தேர்வைக் கெடுத்துவிட்டேனே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், யார் வீட்டு சுவிட்சையும் தொடாமல் நீடூழி வாழட்டும்.

அண்ணன்
அப்பாதுரை

பி.கு.: உறையை ஒட்டும்போது கிருத்திகா சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா, எங்க சார் இப்பதான் போன் பண்ணாரு. பூஜைக்கு முன்னாடியே என் வளையத்தோட படிகத்தையெல்லாம் கீழ்மாடி ஃப்ரீசருக்கு மாத்திட்டாராம். பெட்டியில இருந்தது வெறும் மிச்சம்தான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்று கீழ்மாடி ஃப்ரீசருக்கும் ஓய்வு கொடுத்ததை இன்னும் சொல்லவில்லை. ஆகவே நீ போன் செய்ய வேண்டாம். கிளம்பி நேரில் வா.