கை வைத்த நாற்காலி

மேசைக்கடியில் போகவே மாட்டேன் என்று நாற்காலி அடம்பிடித்தது. அதன் இரண்டு கைகளும் மேசை விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன. கணக்கருக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி அதிகாரிகளுக்கு மட்டும்தான்.

காலையில் வந்தபோதே அது அவர் மேசையருகே புத்தம் புதிதாக நின்றிருந்தது. பதவி உயர்வுக்குக் காத்துக் காத்தே தலை நரைத்தவர் அவர். நாற்காலி முன்னால் வந்துவிட்டது, உத்தரவு பின்னால் வரும் என்று முடிவு கட்டினார். போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது? பழைய நாற்காலியைத் தன் கையாலேயே பழைய சாமான் அறையில் போட்டுவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"கை வச்சதா?"

"ரெண்டு பக்கமும்."

"எங்க அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் கையில்லாததுதானே! வைங்க, அண்ணிகிட்ட சொல்லணும்."

இனிப் பின்வாங்க வழியில்லை. பெரிய மேசையாகக் கேட்டு வாங்கிப் போட்டார். அது நடைவழியை அடைத்துக்கொண்டது.

"சார், உங்க மேசை மேல ஏறி இறங்கியா நான் என் சீட்டுக்குப் போறது?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

அலமாரிப் பக்கம் நகர்ந்தார். அலமாரிக் கதவு திறக்கவில்லை. யாருக்கு ஃபைல் வேண்டுமானாலும் அவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. இது அதிகாரிக்கு அழகா? குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவர் மேசையில் டம்ளரை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினார்கள்.

"சார், இனிமே வாசல்தான் பாக்கி," என்றார் பியூன், மேசையின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டே மூச்சு வாங்க.

"அதுவும் நல்லதுதான். அதிகாரின்னா வர்றவங்க போறவங்க மேல ஒரு கண்ணு இருக்கணும்."

வாசலில் ஜம்மென்று உட்கார்ந்தார். அங்கே நின்றிருந்த காவலாளி ஒரு சலாம் வைத்தார். கணக்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்தவர்கள் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், கை காட்டினார். ஒருவர் நனைந்த குடையை நீட்டினார், வாங்கி வைத்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் காவலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கிட்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் சார். மூட்டு வலி, பிடிச்சு எந்திரிக்கக் கை வச்ச நாற்காலி ஒண்ணு வேணும்னு மேனேஜர்கிட்ட கேட்டிருந்தேன்; தப்பா உள்ளே இறக்கிட்டுப் போயிட்டாங்களாம், நீங்கதான் பாவம், மேசையோட சேர்த்து வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுத்துட்டீங்க!"