மாசம் ரெண்டு தரம் காட்டுக்கு

கூடாரத்துக்கு நாலு கம்பிகள். கீர்த்திவாசன் மூன்றைப் பொருத்திவிட்டான். நாலாவதை எங்கே சொருகினாலும் மற்ற மூன்றும் வெளியே வந்தன.

"என்ன தம்பி, மாசம் ரெண்டு தரம் காட்டுக்குப் போறவரு, கூடாரத்தோட மல்லுக்கட்டறீங்க?" என்றார் லிங்கசாமி.

"இது புது மாடலுங்க மாமா. நம்ம கூடாரத்துக்கு மூணே கம்பிதானுங்க."

அவர் திரும்பியதும் நாலாவது கம்பியைப் புதருக்குள் எறிந்தான். கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூக்கம் வந்த எருமைபோல் நின்றது.

"இதென்னங்க, சாஞ்சிருக்குது?"

"காத்தடிக்கிற எடத்துல இப்படிச் சாச்சுத்தான் கட்டோணுமுங்க."

"பாத்துக்க ஸ்வேதா. அனுபவம்னா இதான்!" என்று லிங்கசாமி மகளிடம் சொன்னார்.

ஸ்வேதா கூடாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

கீர்த்திவாசன் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி கிளார்க். பதினொரு வீடுகளில் பெண் பார்த்துக் காப்பி குடித்தாகிவிட்டது. பன்னிரண்டாவது வீடு குன்னூர். ஸ்வேதாவைப் பார்த்த பிறகு கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி காப்பியே குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது அவன் அம்மா மருதாம்பாள் பெருமையாகச் சொன்னாள்:

"பையன் டவுன்ல வேலை பாத்தாலும் மாசம் ரெண்டு தரம் காட்டுக்குப் போயிருவானுங்க."

அன்னூர்ப் பக்கம் வெள்ளாமை நிலத்துக்கும் காடு என்றுதான் பேர். அங்கே அவர்களுக்கு இருக்கிற ரெண்டு ஏக்கர் சோளக்காட்டைச் சொன்னாள். ஆனால் நாலு தலைமுறையாகக் குன்னூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் லிங்கசாமிக்குக் காடு என்றால் அதற்குள் காட்டெருமை இருக்க வேண்டும். கடைக்கு லீவு விட்டால் மலை ஏறுகிற மனிதர் அவர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்பப் பங்குனியில நம்மகூட தேசியப் பூங்காவுக்கு வாங்க தம்பி! உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்து மத்ததைப் பேசிக்கலாம்."

'சோளம்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ஆனால் அந்த நேரம் பார்த்து ஸ்வேதா நிமிர்ந்துவிட்டாள். சோளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கூடாரத்தைப் பூங்கா எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு, வழிகாட்டி பாண்டியராஜ் பின்னால் நடை தொடங்கியது. பத்து நிமிடத்தில் கீர்த்திவாசனுக்கு மூச்சு வாய்வழியாக வந்தது. நல்லவேளையாக ஸ்வேதா அடிக்கடி நின்றாள். சிவப்பாய்ப் பூத்திருந்த காட்டுப்பூவரசு ஒன்றைக்கூட விடாமல் போட்டோ எடுத்தாள். மலையெல்லாம் பூத்திருந்தது. நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் நிற்கிறாள் என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

"ஷூ கடிக்குதுங்க மாமா. நான் வேணா இங்கயே உக்காந்துக்கட்டுங்களா?"

"எதுக்கு உக்காரோணும்?" லிங்கசாமி தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பூட்ஸை எடுத்தார். "இதைப் போடுங்க. நம்முளுதுதான்."

பத்தாம் நம்பர். அவன் கால் ஏழு. அடுத்த சதுப்பில் கால் மட்டும் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. பாண்டியராஜும் லிங்கசாமியும் சேர்ந்து இழுத்தார்கள். வந்த பூட்ஸில் அரைப் படி சேறு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு 'சளக் சளக்' என்று நடந்தான்.

இனி ஒரே வழிதான். சட்டென்று நின்று மூக்கைத் தூக்கினான்.

"நில்லுங்க! காட்டெருமை வாசம் வருது."

பாண்டியராஜ் மோந்து பார்த்தார். "எனக்கு வரலீங்களே?"

"எனக்குப் பழகுன மூக்குங்க."

"பாண்டி, தம்பி சொன்னாச் சரியா இருக்கும்" என்றார் லிங்கசாமி பயபக்தியோடு. "திரும்பீரலாமா?"

கீர்த்திவாசன் அந்த நிமிடமே திரும்பி நின்றுகொண்டான்.

"வேண்டாமுங்க ஐயா" என்றார் பாண்டியராஜ். "சுத்து வழி ஒண்ணு இருக்குது. ஒண்ணரை கிலோமீட்டர் கூட வரும், கொஞ்சம் செங்குத்தா இருக்கும். தம்பிக்கு அதெல்லாம் ஒரு மேடா?"

அந்த மேட்டில் ரெண்டு கால் போதாமல் கைகளையும் சேர்த்துக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் அந்த நாலும் போதவில்லை. புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சொன்னான்:

"மாமா, மன்னிச்சுக்கோங்க. எங்கூட்ல காடுன்னா சோளக்காடுங்க. எங்க ஆபீஸ் மாடிக்கே நான் லிஃப்ட்டுலதான் போவேனுங்க."

லிங்கசாமி உச்சியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"சோளமா?"

"சோளமுங்க."

"எறங்கு பாண்டி" என்றார்.

இறங்கும்போதுதான் ஸ்வேதா முதல்முறையாகப் பேசினாள். "ஏனுங்க, அந்தச் சோளக்காட்டுக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"நடக்கறதுங்களா? வரப்பு வரைக்கும் மொபெட் போகுமுங்க. அதுல உக்காந்தபடியே பாத்துட்டு வந்துருவேன்."

"எறங்கவே மாட்டீங்களா?"

"பெருசா ஒண்ணும் எறங்கறதில்லீங்க."

அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

முகாமுக்குத் திரும்பியபோது கூடாரம் முழுசாகப் படுத்திருந்தது. கீர்த்திவாசன் அதன்மேலேயே உட்கார்ந்தான். தூரத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். லிங்கசாமி இரண்டு முறை தலையில் கைவைத்தார். பிறகு கசாயம் குடித்த முகத்தோடு அவனிடம் வந்தார்.

"எந்திரிங்க... மாப்ள. காப்பி ஆறுது."

மாப்ள! அதுவரைக்கும் தம்பிதான். கீர்த்திவாசன் சேற்று பூட்ஸோடு பாண்டியராஜிடம் ஓடினான்.

"பாண்டியண்ணா, பாத்தீங்களா! மனசு விட்டு உண்மையைச் சொன்னேனில்லீங்க, பொண்ணு சரின்னுடுச்சு!"

பாண்டியராஜ் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உண்மையெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. இதுக்கு முந்தி ஐயா கூட்டியாந்த ரெண்டு மாப்பிள்ளைகளும் உச்சி வரைக்கும் ஏறிட்டாங்க, கல்யாணத்துக்கு அப்புறமும் என்னால மலை ஏற முடியாதுன்னு ஸ்வேதா அம்மணி ரெண்டு பேரையும் வேண்டாம்னுடுச்சு."