கவனக்கல்லும் அதிமதுர மிட்டாயும்

ஸ்வீடனில் இருக்கும் எங்கள் உப்சாலாவில் வரிசைச் சீட்டு மட்டும் கொடுத்துவிட்டால் போதும், நரகத்துக்கும் ஒழுங்காக நின்று போவோம். அப்படித்தான் நின்றார்கள் கல்லூரிப் பிள்ளைகள், குன்னார் ஃபால்க்விஸ்ட் விற்ற கவனக்கல்லுக்கு. கடலடியில் கோடி வருஷம் தவம் கிடந்த அம்பர் கல்லாம்! துணிப்பையில் தைத்துக் கழுத்தில் கட்டினால், ஏடிஎச்டி என்கிற கவனச்சிதறல் பறந்தே போய்விடுமாம். பையைப் பிரித்தால் சக்தி ஓடிவிடுமாம். ஏன் பிரிக்கக் கூடாது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

கல்லோடு விரதமும் உண்டு. கைபேசியைக் கூடையில் போட வேண்டும். நாலு பேர் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இருபது நிமிடம் படித்து, ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

கவனச்சிதறலுக்கு மாத்திரை போடும் எங்கள் விடுதி டீராவுக்கு வியாழனன்று மறுதேர்வு. தவறினால் படிப்பே போச்சு. அவளும் போன வாரம் கல்லை வாங்கிக் கட்டி விரதத்தில் இறங்கியிருந்தாள். ஞாயிறன்று மகான் குன்னார் எங்கள் சமையலறைக்கே எழுந்தருளினார்.

"ஒரே வாரத்துல மூணு பாடம் முடிச்சிருக்கா! நாளையிலேருந்து டாக்டர் மாத்திரையை நிறுத்திடும்மா. கல்லுக்கு அது ஆகாது" என்று அவள் கழுத்துப் பையைப் பிடித்தார். "அப்பப்பா, கையே சுடுது!"

டீரா தலையாட்டினாள்.

"சுடுதா, குன்னார்?" என்று எழுந்தாள் அவளுடைய அறைத்தோழி சிக்னே. கத்தரிக்கோலால் பையை வெட்டினாள். மேசையில் விழுந்தது உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய்!

"போன ஞாயித்துக்கிழமையே கல்லை எடுத்துட்டு மிட்டாயை வெச்சுத் தைச்சுட்டேன்டி, டீரா. மன்னிச்சுக்க."

மகான் அசருவாரா? "கல்லோட சக்தி மிட்டாய்க்கும் ஏறியிருக்கும்!"

"சரி. இந்தாங்க, கல் வாங்குனவங்ககிட்ட கடன் வாங்கித் தைச்சு வெச்ச பத்துப் பை. அஞ்சுல கல்லு, அஞ்சுல மிட்டாய். எது எதுன்னு தொட்டுச் சொல்லுங்க" என்றாள் சிக்னே.

குன்னாருக்குத் திடீரென்று பஸ் ஞாபகம் வந்தது. கழற்றிவைத்த குளிர்கோட்டைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

டீரா திகைத்து நின்றாள். "அப்ப மூணு பாடத்தையும் படிச்சது யாரு?"

"நீதான்டி, லூசு! ஃபோன் கூடையில, நாங்க பக்கத்துல, மாத்திரை வயித்துல. கல்லா வந்து படிச்சுது?"

டீரா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. மாத்திரையை நிறுத்தவில்லை. வியாழனன்று எழுதினாள், தேறியும்விட்டாள்.

ஆனால் அவள் தேறிய அன்றைக்கே, கல் வாங்கிய மூன்றாமாண்டுக்காரன் ஒருவன் சிக்னேயின் காதருகில் வந்து கேட்டான்: "அந்த மிட்டாய் எந்தக் கடையில வாங்குன?"

அட மகராசா! மிட்டாயை வாயில் போடு, கழுத்தில் கட்டாதே. சும்மா கிடக்கிற மூளையைக் கொஞ்சம் வேலைக்கு அனுப்பு!